நான் வாசிக்காத நாலாம் பந்தி

அன்றைக்குப் பின்னேரம் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில், பிள்ளைகளைப் பார்க்கும் அறைக்கு வெளியே போட்டிருந்த வாங்கில் இருந்துகொண்டு நான் ஒரு செய்தி அனுப்பினேன். எங்கள் குடியேற்றத்தில் அந்த நேரம் நடந்துகொண்டிருந்த தேர்தல் கூட்டத்தைப் பற்றிய செய்தி. அதில் ஒரு பெண் எழுந்து நின்று பேசியதாக ஒரு பந்தி இருந்தது. அந்தப் பெண் அப்போது எனக்குப் பக்கத்தில், அதே வாங்கில், காய்ச்சலில் துவண்டு கிடந்த என் மகளை மடியில் வைத்தபடி இருந்தார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் சொன்னால் கதை கட்டுவது போலாகிவிடும். கட்டினது போதும்.

நான் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒரு நாளிதழுக்குப் பிரதேசச் செய்தியாளராக இருந்தேன். கணவர் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். கிழமை நாட்களில் அங்கேயே தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவார். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நான் செய்தி எடுக்கப் போகும் நேரங்களில் அவளைப் பக்கத்து வளவு அக்கா பார்த்துக்கொள்வார். அந்த அக்காதான் வாங்கில் இருந்தவர்.

அக்காவின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே தமிழருக்கு அடி விழுந்த காலத்தில் லொறியில் ஏறி வன்னிக்கு வந்து, காட்டோரம் காட்டிய இடத்தில் மரம் தறித்துக் குடியேறியவர்கள். அக்கா இங்கே பிறந்தார், இங்கே கலியாணம் கட்டினார், எல்லாரோடும் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தார், திரும்பி வந்து தூர்ந்துபோன கிணற்றைத் தானே இறைத்தார். அந்த அரை ஏக்கர் அவருடையது என்று ஊரில் நாய்க்கும் தெரியும். கடதாசி மட்டும் இல்லை. காணி அனுமதிப்பத்திரம் இல்லாததால் வீட்டுத்திட்டத்தில் பெயர் வராது. பெயர் வராததால் தகரக் கொட்டில். மழைக்கு அதன் கீழே இருந்து கதைப்பதென்றால் ஆளை ஆள் கத்திக் கூப்பிட வேண்டும்.

அந்த வருடந்தான் பிரதேச செயலகத்தில் புதிய பெயர்ப் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. தேர்தல் முடிந்த கையோடு அனுமதிப்பத்திரம் கொடுப்பார்கள் என்று கதை. காணி உத்தியோகத்தர் நேரில் வந்து எல்லை பார்த்துவிட்டு, "உங்கட பேர் இருக்கு அம்மா, யோசிக்காதேங்கோ" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல புள்ள, பழுத்திருச்சு" என்றார்.

இனி எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வன்னியில் ஒரு செய்தியாளருக்குப் பார்க்க வேண்டிய நிலப்பரப்பு பெரிது, பஸ் குறைவு. தேர்தல் காலத்தில் ஒரே நாளில் நாலு மூலையில் நாலு கூட்டம் நடக்கும். அதனால் நாங்கள் எட்டுப் பேர், வேறு வேறு பத்திரிகைகளுக்கும் இணையத்தளங்களுக்கும் வேலை செய்தவர்கள், கைபேசியில் ஒரு குறூப் வைத்திருந்தோம். கூட்டத்துக்குப் போனவர் செய்தியை எழுதி அதில் போடுவார். போகாதவர்கள் அதை எடுத்து, முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும் தங்கள் வசனத்தில் மாற்றி, தங்கள் பெயரில் அனுப்புவார்கள். இதற்குப் பொதுச் செய்தி என்று பெயர். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: நடுவில் கை வைக்கக்கூடாது. போய்ப் பார்த்தவருக்குத்தான் நடுப்பகுதி தெரியும், போகாதவர் அதைத் தொட்டால் பிழையாகிவிடும் என்பது காரணம். நல்ல காரணந்தான். நான் வயிற்றுப் பிள்ளையோடு இருந்த மாதங்களில் என் பெயர் பத்திரிகையில் விடாமல் வந்தது இந்த வழக்கத்தால்தான். என்னைச் சுமந்தவர்கள் அவர்கள். அதை மறந்து இதை எழுதவில்லை.

எங்களில் மூத்தவரை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். சொந்தமாக ஒரு இணையத்தளம் நடத்துபவர். தேர்தல் வந்தால் ஒரு வேட்பாளரின் ஊடக வேலைகளையும் அவரே பார்ப்பார். இது இரகசியமில்லை. எங்களில் மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பக்கம் இருந்தது, பத்திரிகைகளுக்கும் இருந்தது. சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் இரண்டு பேப்பரையும் மேசையில் விரித்து வைத்துச் சொல்லுவார்: "இந்தப் பேப்பரிலை இவை வெல்லுகினம், அந்தப் பேப்பரிலை அவை வெல்லுகினம். எந்தப் பேப்பரிலை நாங்கள் வெல்லுறது எண்டு சொல்லுங்கோ பிள்ளை, அதை வாங்கிப் போடுறன்." நானும் சிரிப்பேன். என் பத்திரிகையின் பக்கமும் அண்ணையின் வேட்பாளரின் பக்கமும் ஒன்றுதான்.

என் பக்கம்? அப்போது யாராவது கேட்டிருந்தால் செய்தியாளருக்குப் பக்கம் இல்லை என்று சொல்லியிருப்பேன். பல்கலைக்கழகச் சோதனையில் அப்படி எழுதித்தான் புள்ளி வாங்கினேன்.

கூட்டம் பின்னேரம் மூன்று மணிக்கு, எங்கள் முன்பள்ளிக் கட்டடத்தில். செய்தி எடுக்க நான் போக வேண்டும். மாதர் சங்கத் தலைவி என்ற முறையில் அக்காவும் போக வேண்டும். அக்கா தலைவியானது பேச்சுத் திறமையால் அல்ல. ஒப்பீசுகளுக்கு அலைய வேறு ஒருவரும் முன்வரவில்லை, அவ்வளவுதான்.

காலையில் மகளுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. பனடோல் பாணி கொடுத்தேன். மத்தியானம் இறங்கினது, பிறகு ஏறினது. இரண்டு மணிக்கு அவள் கண் செருகுவது போல எனக்குத் தெரிந்தது. உண்மையாகச் செருகினதா, என் பயமா, இன்றைக்கும் தெரியாது. டெங்கு என்றே முடிவு செய்துவிட்டேன். ஸ்கூட்டி இருக்கிறது, ஆனால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஓட்ட முடியாது. வேலியால் கூப்பிட்டேன். அக்கா கூட்டத்துக்கென்று சீலை உடுத்தி, சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கள் கூட்டத்துக்குப் போகோணுமே..."

"கூட்டம் நாளைக்கும் வரும் புள்ள. புள்ளைய இப்பிடிக் குடுங்க. ஏறுங்க."

அப்படித்தான் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை இருக்கச் சொன்னார்கள். மூன்றரைக்குக் குறூப்பில் அண்ணையின் பொதுச் செய்தி வந்தது. மூன்று மணிக் கூட்டத்துக்கு மூன்றரைக்கு முழுச் செய்தி. கரகோஷம், மக்கள் வெள்ளம், வேட்பாளரின் உருக்கமான உரை எல்லாம் அதில் இருந்தன. அன்றைக்கு வேட்பாளர் வந்து சேர்ந்ததே நாலு மணி கழிந்துதான் என்று பிறகு அறிந்தேன். செய்தி காலையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

அதைப் பார்த்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. நாலு மணிக்குத் தேர்தல் பக்கம் மூடுகிறது, அனுப்பு என்று யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வந்திருந்தது. மகள் சத்தி எடுத்து அக்காவின் கூட்டத்துச் சீலையை நனைத்திருந்தாள். நான் முதல் பந்தியை மாற்றினேன். கடைசிப் பந்தியை மாற்றினேன். நடுவில் கை வைக்கவில்லை. அனுப்பினேன்.

அக்கா சீலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "என்னா புள்ள, ஒப்பீஸா?"

"ஓமக்கா. கூட்டச் செய்தி."

"நல்லா எழுதுங்க. நம்ம பெர்மிட் கத வந்திச்சா?"

"வந்திருக்கும் அக்கா."

வந்துதான் இருந்தது, நாலாம் பந்தியில்.

மகளுக்கு டெங்கு இல்லை, வெறும் வைரசுக் காய்ச்சல். நிம்மதியாகப் படுத்தேன். அடுத்த நாள் காலை அக்கா பேப்பரோடு வந்தார். தேத்தண்ணிக் கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுத்தாராம். செய்தியின் மேலே என் பெயர். நாலாம் பந்தியில் மாதர் சங்கத் தலைவி என்ற பதவியோடு அக்காவின் முழுப்பெயர். எங்களுக்குக் காணி தராமல் இழுத்தடிப்பவர் இந்தக் காணி உத்தியோகத்தரே, அவர் மற்றக் கட்சியின் ஆள், எங்கள் குடியேற்றத்தின் அத்தனை வாக்குப் புள்ளடியும் இந்த வேட்பாளருக்கே என்று அக்கா கண்ணீர் மல்கக் கூறினாராம். தலைப்பும் அதையே பிடித்திருந்தது. தலைப்பு யாழ்ப்பாணத்தில் போட்டது.

அக்கா கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் விளங்காமல்தான் கேட்டார்.

"மேல உங்க பேர் இருக்கு. உள்ள என் பேர் இருக்கு. நாம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இல்ல இருந்தோம்?"

"ஓமக்கா."

"அப்ப யாரு பேசினா?"

நான் பொதுச் செய்தியைப் பற்றி விளங்கப்படுத்தினேன். முதல் பந்தி, கடைசிப் பந்தி, நடுப்பகுதி. சொல்லச் சொல்ல, அது எவ்வளவு கேவலமான ஏற்பாடு என்று என் காதுக்கே கேட்டது. அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காணி ஐயா பேப்பர் பாப்பாரா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, அவா தலைவி. அங்கை நிண்டிருந்தா அதைத்தானே சொல்லியிருப்பா."

"நிக்கேல்லையே அண்ணை."

"நிக்கேல்லை எண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவா என்னோடை ஆஸ்பத்திரியிலை நிண்டவா."

அண்ணை மிகவும் மெதுவாக, அக்கறையான குரலில் சொன்னார்: "அப்ப நீரும் கூட்டத்துக்குப் போகேல்லை எண்டு எல்லே தெரியவரும், தங்கச்சி. உம்மடை பேரிலை எல்லே வந்திருக்கு. பிள்ளைக்கு இப்ப சுகமோ?"

மிரட்டினாரா, கவலைப்பட்டாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவர் கெட்ட மனிதர் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால் மகள் பிறந்தபோது முதலில் வந்து பார்த்த வெளியாள் அவர். அந்த வேட்பாளர் வென்றால் வன்னிக்கு நல்லது என்று உண்மையாகவே நம்பியவர். நம்பிக்கை இருந்தபடியால் அடுத்தவர் வாயில் வசனத்தை வைக்க அவருக்குக் கை கூசவில்லை.

நானும் நம்பினேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்தது. அவசரம், காய்ச்சல், நாலு மணி எல்லாம் உண்மை. ஆனால் அதே வாங்கில், அதே நேரத்தில், மற்றப் பக்கத்து வேட்பாளரின் கூட்டச் செய்தி வந்திருந்தால் நான் நாலாம் பந்தியை வாசித்திருப்பேன். வாசித்து, இது சரியோ என்று யாரிடமாவது கேட்டிருப்பேன். எங்கள் பக்கத்துச் செய்தி என்பதால் வாசிக்காமலே அது எனக்குச் சரியாக இருந்தது. பக்கம் இல்லை என்று எழுதிப் புள்ளி வாங்கியவளின் பக்கம் அவ்வளவு ஆழத்தில் இருந்தது.

காணி ஐயா பேப்பர் பார்ப்பவர். மூன்றாம் நாள் அக்கா ஒப்பீசுக்குப் போனபோது அவருடைய பெயருக்கு நேரே, மேலதிக விசாரணைக்கு என்று சிவப்பால் எழுதியிருந்தது. பட்டியல் பூர்த்தியாக இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அதற்குள் விசாரணை முடிந்தால் பெயர் வரும், முடியாவிட்டால் அடுத்த பட்டியல். அடுத்த பட்டியல் எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் பத்திரிகைக்கு எடுத்தேன். பிரதேசப் பக்கங்களைப் பார்க்கும் ஆசிரியர் என் தகப்பன் வயதுக்காரர், என்னைப் பிள்ளை என்றுதான் அழைப்பார். ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"எலெக்சன் முடியட்டும் பிள்ளை."

"அதுக்குள்ளை பட்டியல் முடிஞ்சிடும் ஐயா."

"இப்ப போட்டா அவங்களுக்கு நாங்களே தடி எடுத்துக் குடுத்த மாதிரி. போகாத கூட்டத்துக்கு எங்கட நிருபர் செய்தி எழுதினவா எண்டு நாங்களே அச்சடிக்கிறதோ? நல்லாயிருக்கும்." பிறகு குரலைத் தணித்து, "ஒரு காணித் துண்டுக்காக முழுச் சனத்தின்ரை விசயத்தைக் குழப்பாதை" என்றார்.

முழுச் சனம் என்று அவர் சொன்னபோது அதற்குள் அக்கா இருக்கிறாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பெரியவர்களை எதிர்த்துக் கதைக்க என்னை வளர்க்கவில்லை. அது நல்ல குணம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கணவர் வந்தார். அவர் சொன்னது: "வேலையை விட்டாலும் பரவாயில்லை. எழுத்திலை மட்டும் ஒண்டும் குடுக்காதையும். நாளைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஆரும் வழக்குக்குப் போனா?" ஆனால் அக்கா கேட்டதோ எழுத்தில்தான். அன்றைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம் என்று காணி ஐயாவுக்கு ஒரு கடிதம். அவ்வளவுதான் கேட்டார்.

அந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதினேன். முதலில் எழுதியதில் உண்மை இருந்தது. வாசிக்கப் பயமாக இருந்தது, கிழித்தேன். இரண்டாவதில் தவறுதலாக என்ற சொல் வந்தது. மூன்றாவதில் நான் மறைந்து, செய்தி மட்டும் நின்றது. நாலாவதில் தொழில்நுட்பத் தவறு காரணமாக என்று எழுதினேன். வாசிக்க நன்றாக இருந்தது. அதை மடித்துக்கொண்டு அக்காவோடு ஒப்பீசுக்குப் போனேன்.

காணி உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தார்.

"தொழில்நுட்பத் தவறு எண்டால் என்ன, பிள்ளை? மிசினோ எழுதினது?"

அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அடுத்து என்ன சொல்லுவேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"நான் கூட்டத்துக்குப் போகேல்லை, ஐயா" என்றேன். "அவாவும் போகேல்லை. என்ரை பிள்ளைக்குக் காய்ச்சல், ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலை நிண்டனாங்கள். வேறை ஆள் எழுதினதை வாசிக்காமல் என்ரை பேரிலை அனுப்பினனான். அவா உங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை."

அவர் கோப்பைத் திறந்து எனக்கு முன்னால் திருப்பி வைத்தார். அக்காவின் விண்ணப்பத்துக்கு மேலே, ஊசி குத்தி, என் செய்தியின் துண்டு.

"நான் உங்களை நம்புறன்" என்றார். "ஆனா பாருங்கோ. இவாக்கு நான் இப்ப பெர்மிட் எழுதினா, பேப்பரிலை வந்த பயத்திலை குடுத்திட்டான் எண்டுவினம். எழுதாட்டி, அந்தக் கட்சி ஆள்தானே, அதுதான் குடுக்கேல்லை எண்டுவினம். நான் ஒரு கட்சியும் இல்லை. பென்சனுக்கு மூண்டு வருசம் இருக்கு, அதுதான் என்ரை கட்சி. இது அச்சிலை கிடக்கு, நீங்கள் சொல்லுறது காத்திலை கிடக்கு. அச்சிலை கொண்டு வாங்கோ, கோப்பிலை குத்துறன். விசாரணை முடியும்."

வெளியே வந்து ஸ்கூட்டியடியில் நின்றபோது அக்கா, "மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருக்கலாம்ல, புள்ள" என்றார்.

அச்சில் கொண்டுபோக இன்னொரு பேப்பர் இருந்தது. மற்றப் பக்கத்துப் பேப்பர். அதன் செய்தியாளரும் எங்கள் எட்டுப் பேரில் ஒருவர்தான், என்னைவிட இளையவர். நான் கேட்குமுன்னமே எடுத்தார். எங்களுக்குள் ஒரு விசயமும் ஒரு நாளுக்கு மேல் தங்காது.

"அக்கா, நீங்களே எழுதித் தாங்கோ. ஒரு சொல்லும் மாத்தமாட்டன். சத்தியமா" என்று என்னிடம் கேட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தது என் வேலையைப் பற்றி. அக்காவின் காணிக்கு அந்த இரண்டு நாளும் எவ்வளவு தேவையாக இருந்தன என்பதையும் தெரிந்துகொண்டே யோசித்தேன். பிறகு ஆறு வரியில் எழுதிக் கொடுத்தேன். அதில் தொழில்நுட்பம் இல்லை.

அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒரு சொல்லும் மாறவில்லை. வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்க, முதல் பக்கத்தில் அந்த ஆறு வரியும் வந்தது. அதற்கு மேலே ஐந்து பத்தி அகலத்துக்கு அவர்களின் தலைப்பு: ஏழைத் தாயின் வாயில் பொய்யைத் திணித்த கூலி ஊடகம், குட்டு வெளியானது. பக்கத்தில் அண்ணையின் வேட்பாளர் கண்ணை மூடி வாய் திறந்திருக்கும் ஒரு படம். கீழே பெட்டி கட்டி அவர்களின் பக்கத்து வேட்பாளர் சொல்லியிருந்தார்: அந்தத் தாய்க்கு நான் வென்றதும் என் கையாலேயே காணி உறுதி வழங்குவேன். மீண்டும் அக்காவின் முழுப்பெயர். இந்த முறை படமும் இருந்தது. எப்போதோ சங்கத்துக்குக் கோழிக்குஞ்சு கொடுத்தபோது எடுத்த படம். குஞ்சை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போட்டிருந்தார்கள்.

அதை நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம். காணி உத்தியோகத்தர் சொன்ன சொல்லை மீறாமல் கோப்பில் குத்தினார். இப்போது விண்ணப்பத்தின் மேல் இரண்டு துண்டுகள்.

"முதல் ஒரு பக்கம் உங்களுக்காகக் கதைச்சது, அம்மா. இப்ப ரெண்டு பக்கமும் கதைக்கினம்" என்றார். அவர் குரலில் உண்மையாகவே களைப்பு இருந்தது. "நான் இனி எந்தப் பக்கத்துக்குப் பயப்பிடுறது?"

பட்டியல் அக்காவின் பெயர் இல்லாமல் போனது.

அண்ணையின் வேட்பாளர் வென்றார். எங்கள் பக்கத்துக் குடியேற்றங்களில் அவருக்குப் புள்ளடி நிறைய விழுந்தது. முடிவு வந்த அன்று, கடைக்குப் போன வழியில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பெண் அக்காவை மறித்துச் சந்தோசமாகச் சொன்னாள்: "நீங்க சொன்னதாலதான் அக்கா நாங்க எல்லாரும் அவருக்குப் போட்டோம்."

"நான் எங்க சொன்னேன்?"

"பேப்பர்ல இருந்திச்சே."

"அது பொய்யின்னு மத்தப் பேப்பர்ல வந்திச்சு, பாக்கலியா?"

"அது அவங்க பேப்பர் தானே அக்கா. அப்பிடித்தான் போடுவாங்க."

நான் கையில் மகளோடு பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பேப்பர் யாருடையது என்று சனத்துக்குப் படிப்பித்தது நாங்கள். பிறகு உண்மையைக் கொண்டுபோய் அதில் ஒரு பேப்பரில் போட்டால், அதுவும் அந்தப் பக்கத்துச் சாமானாகத்தான் விலைபோகும். எட்டுப் பேராகச் சேர்ந்து வருடக்கணக்காகச் செய்த வேலை அது.

அனுமதிப்பத்திரங்களை வென்றவரே வந்து கொடுத்தார். முன்பள்ளிக்கு முன்னால் பந்தல். மாதர் சங்கத் தலைவி என்பதால் அக்காதான் ஆலாத்தி எடுத்து அவரை வரவேற்க வேண்டியிருந்தது. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். குறூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டிருந்தார்கள். பத்திரிகையும் என்னைக் கூப்பிடுவதில்லை. நில் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, அனுப்புவதைப் போடுவதில்லை, அவ்வளவுதான். அண்ணை படம் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா தட்டைத் தூக்கிய இடத்தில், "இன்னும் கொஞ்சம் உயத்திப் பிடியுங்கோ அம்மா" என்றார். அக்கா உயர்த்திப் பிடித்தார். பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. அக்கா கடைசி வரைக்கும் தட்டோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த நாள் அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்தது. படத்தின் கீழே: மகிழ்ச்சியில் திளைத்த மக்கள்.

மகளை அக்கா இன்றைக்கும் பார்த்துக்கொள்கிறார். நான் வேலை தேடி அலையும் நாட்களில் அவரிடம்தான் விடுகிறேன். நடந்ததைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அவர் மன்னித்துவிட்டாரா, பிள்ளை என்ன பாவம் செய்தது என்று பார்க்கிறாரா, எனக்குத் தெரியாது. கேட்டால் மன்னிப்பைப் பிடுங்கி எடுத்ததாகிவிடும் என்று கேட்காமல் இருக்கிறேன். அல்லது பதிலுக்குப் பயந்து.

சென்ற மாதம் மேன்முறையீடு ஒன்று எழுத்தில் தரச் சொல்லி ஒப்பீசில் சொன்னார்களாம். எழுதித் தரும்படி அக்கா என்னிடம்தான் வந்தார். வேறு யாரிடம் போவார்? நான் இரண்டு நாள் எடுத்து நன்றாக எழுதினேன். குசினியில் மேசையில் வைத்துப் பேனையையும் நீட்டினேன். முன்பெல்லாம் சங்கத்துக் கடிதம் என்றால் கீழே இடத்தைக் காட்டியதும் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குப் பேனையை வாங்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி, முதல் சொல்லில் விரலை வைத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, வாசித்துக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நின்றேன். மகள் சாப்பிட்டு முடித்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை.

இரண்டாம் பந்தியின் நடுவில் விரல் நின்றது.

"எம் பெற்றோர் இம்மண்ணில் சிந்திய கண்ணீர்..." என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இத நான் சொன்னேனா, புள்ள?"

"இல்லையக்கா. நான்தான் போட்டனான்."

"அவங்க அழுதத நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

"நானும் பாக்கல. மரம் வெட்டினாங்க. கெணறு தோண்டினாங்க. அதப் போடுங்க."

நான் அந்த வரியை வெட்டி, மேலே அதை எழுதினேன். அக்கா எழுதியதையும் வாசித்துப் பார்த்துவிட்டு, விரலை அடுத்த வரிக்கு இறக்கினார்.